மரக்கலமும் மாக்காரும்

இலங்கையின் காலித் துறைமுகத்தில் 1860இல் மணிக்கல் வணிகம் தொடங்கிய ஒரு குடும்பத்தின் பெயர் ஓ.எல்.எம். மாக்கான் மாக்கார். கொழும்பு காலிமுகத்திடல் ஓட்டலுக்கு வந்திறங்கிய பயணிகள் நீலக்கல்லும் வைடூரியமும் வாங்க அந்தப் பெயர்ப் பலகையைத் தேடிப் போனார்கள். அதே குடும்பத்தின் சர் முகம்மது மாக்கான் மாக்கார் 1924இல் சட்டசபைக்கும், 1931இல் அரசாங்க சபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டு, போக்குவரத்து, பொதுவேலை அமைச்சரானார். கடைப்பலகையிலும் சபைக் குறிப்பேட்டிலும் ஆங்கில எழுத்தில் நின்ற அந்தப் பெயரைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம், வாருங்கள்.

முன்னெழுத்துகளில் உள்ள 'ஓ' என்பது உதுமா. உத்மான் என்னும் அரபுப் பெயரின் தகரத்துக்குப் பின் நம் நா ஓர் உகரத்தை ஊன்றி உதுமான் என்றாக்கிக்கொண்டது. 'எல்' குறிக்கும் லெப்பை என்னும் சொல் பின்னால் வந்து சேர, இடையில் நின்ற னகர மெய் உதிர்ந்தது. உதுமாலெப்பை என்று ஒரே மூச்சில் அழைக்கும் வழக்கம் கிழக்கிலங்கையில் இன்றும் உண்டு. லெப்பையோ மொழிமுதலில் லகரம் வராத நம் மரபுக்காக இலெப்பை என்றும் வேடமிடும்.

இனி மாக்கார். இதுதான் பெயரின் உயிர்நிலை. மரிக்கார், மரைக்கார், மரைக்காயர், மரக்காயர் என்று படிப்படியாகப் பின்னோக்கி நடந்தால், மரைக்காயர் மரைக்கார் ஆனதற்குக் காரணம் நமக்குப் பழகியதே என்பது விளங்கும்: பெயர் பேரானதும் வியர்வை வேர்வையானதும் போல, நடுவில் நின்ற யகரம் நழுவ உயிர்கள் ஒன்றின. மரைக்கார் மரிக்கார் ஆனது ஐகாரக் குறுக்கத்தின் அடுத்த படி. அந்த இகரமும் தேய்ந்து, ரகர மெய்யும் கரைந்து, கரைந்த மெய்யின் மாத்திரையை முன்னுயிர் வாங்கிக்கொண்டதால் மாக்கார் பிறந்தது. ஆங்கில எழுத்து (Markar) மட்டும் அந்த ரகரத்தை விடாமல் வைத்திருக்கிறது.

வேர் எது? மரக்கலம் உடையவர், மரக்கலராயர் என்பார் ஒரு சாரார். கப்பலைக் குறிக்கும் மர்கப் என்னும் அரபுச் சொல்லே மூலம் என்பார் மறு சாரார். என் சாய்வு மரக்கலத்தின் பக்கம். கிதாப் கிதாபு ஆனது. ஜவாப் ஜவாபு ஆனது. அரபுச் சொல்லின் ஈற்றுப் பகரத்தைத் தமிழ் எளிதில் கைவிடுவதில்லை. மரைக்காயரின் எந்த வடிவிலும் அந்தப் பகரத்தின் சுவடே காணோம். சிங்களவரோ இலங்கை முஸ்லிம்களான சோனகரை 'மரக்கல' என்றே அழைத்து வந்தனர். நாம் தொலைத்த லகரத்தை அண்டை மொழி பொத்திக் காத்திருக்கிறது. கடலோடி முஸ்லிம் குடிகள் வாழ்ந்த பல கரைகளில் இந்தப் பட்டம் இருந்தது: கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்கள் குஞ்ஞாலி மரக்கார்கள், உமறுப் புலவரைப் புரந்த கீழக்கரைச் சீதக்காதியும் மரைக்காயரே.

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. 1931இல் சர் முகம்மது வென்றது மட்டக்களப்புத் தெற்குத் தொகுதி. காலியில் மரைக்காயர் என்னும் இந்தச் சொல் வழிவழியாக வந்த குடும்பப் பெயர். மட்டக்களப்புப் பக்கத்திலோ அது ஒரு பதவி: தாய்வழிக் குடி ஒவ்வொன்றும் பள்ளிவாசலுக்குத் தன் சார்பில் அனுப்பும் பொறுப்பாளரின் பெயரே மரைக்காயர். கலம் செலுத்தியவரைச் சுட்டிய சொல் அங்கே கரையேறி, குடியின் நியாயம் பேசுபவரைச் சுட்டியது. கடற்கரை வணிகரின் குடும்பப் பெயரைத் தாங்கி வந்த வேட்பாளரை, அப்பெயரைப் பதவிப் பெயராக நாள்தோறும் வழங்கிய மக்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

உங்கள் ஊரில் மரைக்காயரோ மரிக்காரோ மாக்காரோ இருந்தால், அவர் வீட்டு முதியவர்கள் அந்தப் பெயரை எப்படி ஒலிக்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள். கேட்டபடியே எழுதியும் வையுங்கள்.