திசுவை நிலைப்படுத்தல்: செய்முறையும் சொல்லும் – ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

விலங்குடலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட திசு, குருதியோட்டம் நின்றதும் தன் நொதிகளாலேயே சிதையத் தொடங்குகிறது. அச்சிதைவைத் தடுத்து, உயிர்நிலைக்கு நெருங்கிய அமைப்பில் திசுவை நிறுத்திவைக்கும் வேதிமுறையை ஆங்கிலத்தில் 'ஃபிக்சேஷன்' என்பர். இம்முறை வளர்ந்த வரலாற்றையும், அதன் சொற்கள் மொழிபெயர்ப்பாளர்முன் வைக்கும் சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. நெசவு தந்த பெயர்

பிரெஞ்சு உடற்கூற்றறிஞர் சவியே பிஷா, 1801இல் வெளியிட்ட நூலில், நுண்ணோக்கியின் துணையின்றியே 21 வகைத் திசுக்களைப் பகுத்துக் காட்டினார். அவர் ஆண்ட 'தீசு' என்னும் சொல்லுக்கு நெய்யப்பட்டது என்பது பொருள். 1819இல் ஆகஸ்ட் மாயர் இட்ட 'ஹிஸ்டாலஜி' என்னும் துறைப்பெயரும், தறியையும் நெய்த துணியையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்ததே. இலங்கைத் தமிழில் வழங்கும் 'இழையம்' இவ்வுருவகத்தைக் காத்துள்ளது. தமிழகத்தில் வழங்கும் 'திசு' ஒலிபெயர்ப்பாதலின் அதனை இழந்தது.

3. இறுக்குதலும் நிலைப்படுத்தலும்

தொடக்கத்தில், மெல்லிய சீவல்களாக வெட்டுதற்கேற்பத் திசுவை இறுகச் செய்வதே முதன்மை நோக்கமாயிருந்தது. அதற்கு ஆல்கஹால் பயன்பட்டது. 1840இல் ஹனோவர் குரோமிக் அமிலத்தைக் கையாண்டார். 1869இல் கிளெப்ஸ் பாரஃபின் மெழுகைப் பயன்படுத்தினார். மெழுகு திசுவைத் தாங்கத் தொடங்கியபின், இறுக்கம் படிப்படியாக இரண்டாம்நிலைத் தேவையாயிற்று.

பட்லெரோவ் 1859இல் விவரித்து, ஹோஃப்மன் 1867இல் தெளிவாக இனங்கண்ட ஃபார்மால்டிஹைடு, கால் நூற்றாண்டுக்குப் பின்னரே திசுவாய்வில் இடம்பெற்றது. பிராங்க்பர்ட் மருத்துவர் ஃபெர்டினாண்ட் புளூம் அதனைக் கிருமிநாசினியாகச் சோதிக்கையில், தம் விரல்நுனித் தோல் ஆல்கஹாலில் இட்ட திசுவைப்போல் இறுகியிருத்தலைக் கண்டார். 1893இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பு, அதனை 'இறுக்கும் பொருள்' என்றே குறித்தது. அது புரதங்களுக்கிடையே வேதிப்பாலங்கள் அமைத்துத் திசுவை நிலைக்கச் செய்கிறது என்பது பிற்கால விளக்கம். ஆகவே பழைய ஜெர்மன் கட்டுரைகளைப் பெயர்ப்போர் 'இறுக்குதல்' என்பதை 'நிலைப்படுத்தல்' எனத் திருத்துதல் வரலாற்றைச் சிதைப்பதாகும்.

4. மொழிபெயர்ப்புச் சிக்கல்கள்

நிலைப்படுத்திய திசு ஆல்கஹாலில் நீர்நீக்கப்பெற்று, சைலீனில் தெளிவாக்கப்பெற்று, மெழுகில் பதிக்கப்பெற்று, வெட்டிச் சாயமேற்றப்பெறும். இவ்வரிசையில் மூன்று இடர்கள் உள.

முதலாவது: இலங்கை வழக்கில் 'நைதரசன் பதித்தல்' என்பதிற்போல 'ஃபிக்சேஷன்' பதித்தலாகும். மெழுகில் வைத்தலும் பதித்தலே. ஒரே நூலில் இரண்டிற்கும் அச்சொல்லை ஆண்டால் முதற்படியும் பிற்படியும் மயங்கும்.

இரண்டாவது: 'தெளிவாக்கல்' என்பது திசுவை ஒளிபுகச் செய்தல், துப்புரவு செய்தலன்று.

மூன்றாவது: கடைச்சரக்கான ஃபார்மலினில் 37 முதல் 40 விழுக்காடு ஃபார்மால்டிஹைடு உண்டு. அதில் ஒரு பங்குடன் ஒன்பது பங்கு நீர் கலந்ததே '10 விழுக்காடு ஃபார்மலின்'; அதிலுள்ள ஃபார்மால்டிஹைடு ஏறத்தாழ 4 விழுக்காடே. '10 விழுக்காடு ஃபார்மால்டிஹைடு' என எழுதின் செறிவு இரண்டரை மடங்காகிவிடும்.

5. முடிவுரை

'ஃபிக்சேஷன்' என்பதற்கு நிலைப்படுத்தல், மெழுகில் வைத்தலுக்குப் பதித்தல், பழைய வழக்கிற்கு இறுக்குதல் எனச் சொற்களை வரையறுத்துக்கொள்ளல் நலம். சிதைந்த திசுவை மீட்க வழியில்லை. ஆதலின் ஆய்வகக் கையேட்டில் ஒரு சொல்லின் மயக்கம் ஓர் ஆய்வின் இழப்பாக முடியக்கூடும்.