மூங்கிலின் தோலும் மருளின் நாரும்

மூங்கிலின் வெளித்தோலைச் சீவக் கூடாது என்பதே என் பாட்டனார் எனக்குக் கற்பித்த முதற்பாடம். கிள்ளானுக்குத் தெற்கே, தெலுக் பங்லிமா காராங்கை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அடுப்புக்கு மேலிருந்த பரணில் இரண்டு மாத காலம் புகையுண்டு உலர்ந்த மூங்கிற் பிளாச்சு ஒன்றை மடிமீது கிடத்திக்கொண்டு, தம்முடைய பழைய சூரிக்கத்தியால் அதன் உட்புறத்தை மட்டும் இழையிழையாகச் சீவியபடியே, "வெளிப்பக்கம் தோலு இருக்கணும் தம்பி, அதைச் சீவினா வில்லு அன்னைக்கே செத்துப்போகும்" என்று அவர் சொன்னது இன்றும் என் செவியில் இருக்கிறது. மூங்கிலின் பலம் முழுவதும் புறத்தோலை ஒட்டி நெருங்கிக் கிடக்கும் நார்களில் அடங்கியிருப்பதையும், வில்லை வளைக்குங்கால் இழுபடுவது எய்பவனுக்கு அப்பாற்பட்ட புறமே ஆதலால் அங்கே அந்நார்கள் அறுபடாமல் இருந்தாலன்றி வில் முறியும் என்பதையும் பல வருஷங்களுக்குப் பின் ஒரு நூலில் வாசித்தபோது, எழுத்தறியாத அந்தக் கிழவருடைய கட்டைவிரல் மூங்கிலைத் தடவிப் பார்த்த விதமே என் கண்முன் வந்து நின்றது.

அது 1943ஆம் வருஷம், ஜப்பானியர் ஆட்சிக்காலம். தோட்டத்துத் துரை போய்விட்டார். பால் எடுத்தால் வாங்குவாரில்லை. அரிசி அருகி, மரவள்ளிக் கிழங்கே எங்கள் பிரதான ஆகாரமாகிவிட்டது. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் தூரத்துக்கு இரயில் பாதை போடுவதற்கென்று ஆள் பிடித்துப்போன லாரியில் என் தகப்பனாரும் ஏற்றப்பட்டார். அவர் திரும்பி வரவில்லை. முப்பது வருஷ காலம் பால்மரம் வெட்டும் கத்தியையன்றி வேறெதையும் தொடாதிருந்த பாட்டனார், வீட்டில் வாய் நான்கிருக்கக் கை ஒன்றே எஞ்சிய அந்த நாளிலேதான் தாம் பிறந்த ஊரின் வித்தையை ஞாபகப்படுத்திக்கொண்டார்.

அவர் அக்காலத்துச் சேலம் ஜில்லாவில், கொல்லிமலையின் அடிவாரத்தில் பிறந்தவர். ஒரே கணையால் யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் துளைத்தவன் என்று வன்பரணர் புறநானூற்றில் போற்றிய வல்வில் ஓரி ஆண்ட மலை அது. பாட்டனார் புறநானூற்றைக் கண்டவரல்லர். ஆயினும் 'ஓரி ராசா' என்று அவர் குறிப்பிடும் போதெல்லாம், போன வருஷம் பார்த்துவிட்டு வந்த உறவினரைப் பற்றிப் பேசுவது போன்ற ஒரு பாத்தியதை அந்தச் சொல்லில் தொனிக்கும். பொங்கலை ஒட்டி ஊரார் திரண்டு போகும் பாரிவேட்டையில், பெரியவர்களுடைய அம்புக்கட்டைச் சுமந்துகொண்டு பின்னால் ஓடியதே அவருடைய பால்ய காலத்தின் பெரும் பாக்கியம். பின்னர் கங்காணியோடு கப்பலேறி, இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் ஸ்வெட்டன்ஹாமில் அவர் இறங்கியபோது, அவருடைய தகரப்பெட்டியில் வில் இல்லை. அந்தச் சூரிக்கத்தி மட்டுமே இருந்தது.

மூங்கில் கிடைத்துவிட்டது, நாணுக்கு என்ன செய்வது? வில்லைப் பற்றி எழுதுவோர் மரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு நாணை ஒரு வாக்கியத்தில் தாண்டிவிடுகிறார்கள். நாணில்லாத வில் வெறுங் கழி என்பதைப் பசித்தவன் அறிவான். பாட்டனார் தேடிய செடி மருள். கத்தியைப்போல் நிமிர்ந்து நிற்கும் தடித்த இலைகளும் அவற்றின்மேல் குறுக்காக ஓடும் வரிகளும் உடைய அச்செடியைச் சங்கப் புலவர்கள் மரல் என்றனர். வடமொழியில் மூர்வை என்னும் நார்ச்செடியின் பெயரிலிருந்து பிறந்ததே நாணைக் குறிக்கும் மௌர்வி என்ற சொல். அந்த மூர்வை மருளே என்று கொள்வோர் பலர். மநு தர்மத்தில் க்ஷத்திரிய மாணவனுக்கு விதிக்கப்பட்ட அரைஞாணும் மூர்வை நாணே. சாஸ்திரத்தில் இவ்வளவு கௌரவம் பெற்ற அந்தச் செடி எங்களுக்கு அகப்பட்ட இடமோ, ஆளரவமற்றுப் புல் மண்டிக் கிடந்த துரை பங்களாவின் பூந்தோட்டம்! துரைசாணி அழகுக்காக வரிசையாக வைத்திருந்த தொட்டிகளிலிருந்து அவ்விலைகளை அறுத்துவந்து, பலகைமேல் கிடத்தி, சிரட்டையின் விளிம்பால் சதையை வழித்தெடுத்து, வாய்க்கால் நீரில் அலசி, வெண்பட்டுப்போல் எஞ்சிய நாரை நிழலில் உலர்த்தி, தொடையின்மேல் உருட்டி உருட்டி மூன்று புரியாகத் திரித்தார். திரித்த நாணை வில்லில் ஏற்றிச் சுண்டிவிட்டுக் காதருகே வைத்துக் கேட்பார். அதன் நாதம் அவர் மனத்துக்கு இசையவில்லையென்றால் புரியைப் பிரித்துவிட்டு மறுபடியும் தொடங்குவார். அம்புக்கு நாணல் தட்டை, நுனிக்குத் தீட்டிய சைக்கிள் கம்பி, வாலுக்குச் சேவலிறகு.

பெரிய வில்லோடு கூடவே எனக்கும் ஒரு சிறு வில் செய்தார். எனக்கு அப்போது ஏழு வயது. அதை என் கையில் நேரே தந்துவிடாமல், தோட்டத்து முனியாண்டி கோயில் சூலத்தின்மேல் சாத்தி, ஓரிரவு அங்கேயே வைத்துவிட்டு, மறுநாள் விடியற்காலையில் குங்குமமிட்டுத் தந்தார். தந்தபோது சொன்ன கதை திண்ணனாருடையது. உடுப்பூரில் வேடர் தலைவனாகிய நாகன் தன் மகன் திண்ணனுக்கு நாள் பார்த்து, வேடர்களையெல்லாம் அழைத்து விருந்திட்டு வில் பிடிப்பித்ததையும், தேவராட்டியின் ஆசியோடு அப்பிள்ளை முதன்முதலாகக் காடேறிய கன்னி வேட்டையையும், வலையறுத்து ஓடிய பன்றியை நாணன், காடன் என்னும் இருவரோடு துரத்திச் சென்ற அந்த ஓட்டமே அவனைக் காளத்தி மலைக்குக் கொண்டுசேர்த்ததையும் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துப் பாடியிருக்கிறார். கன்னி வேட்டை என்ற சொல்லை நான் முதலில் கேட்டது புத்தகத்திலன்று. மரவள்ளிக் கிழங்கு வேகும் அடுப்பினருகே, பாட்டனார் வாயிலேதான். அந்தப் பன்றி அம்பால் சாகவில்லை, திண்ணனார் தம் சுரிகையால் அதை இரு கூறாக்கினார் என்பதும் சேக்கிழார் வாக்கே. சுரிகையே சூரிக்கத்தி என்று அறிந்தபோது, பாட்டனாரின் தகரப்பெட்டியில் கடல் கடந்து வந்தது இன்னதென்று எனக்கு விளங்கியது.

எங்கள் கன்னி வேட்டையில் பன்றி இல்லை. பனி விலகாத நேரத்தில், வாய்க்காற்கரைச் சேம்புப் புதரருகே முழங்காலிட்டு அரைமணி நேரம் கொசுக்கடியைப் பொறுத்திருந்து, வாலை வெடுக்கு வெடுக்கென்று ஆட்டிக்கொண்டு வெளிப்பட்ட ஒரு கானாங்கோழியைப் பாட்டனார் பன்னிரண்டு முழத் தூரத்தில் வீழ்த்தினார். அதை எடுத்து வரும் வேலை எனக்கு. அதன் மார்பின் வெள்ளை இறகுகள் நனைந்திருந்தும் உள்ளே இன்னும் சூடு இருந்தது. வீடு சேரும்வரை அந்தச் சூடு என் உள்ளங்கையில் இருந்தது. நான் எய்த அம்புகள் வாய்க்காலில்தான் விழுந்தன. அந்த வருஷங்களில் உடும்பும் அணிலும் சில சமயம் சருகுமானும் எங்கள் சட்டியை நிறைத்தன. சருகுமானைக் கண்ட நாட்களில் பாட்டனார் எய்யுமுன் வில்லை ஒருமுறை நெற்றியில் ஒற்றிக்கொள்வார்.

லயத்தின் மற்றப் பிள்ளைகளிடம் இருந்தது லாஸ்டிக். கவட்டைக் கொம்பில் சைக்கிள் டியூப் கட்டிய அக்கருவியை மலாய்ச் சொல்லால் நாங்கள் அப்படி அழைத்தோம். தமிழ்நாட்டில் அதை உண்டிவில் என்கிறார்கள். உண்மையில் உண்டைவில் என்பது மெய்யான வில்லே: இரட்டை நாணும், நடுவில் களிமண் உருண்டையை வைக்கச் சிறு பையும் உடையது. பால இராமன் கூனியின் முதுகில் உண்டை தெறித்த விளையாட்டைக் கம்பர் அவளுடைய வஞ்சத்துக்கு வித்தாக வைத்தது அந்த வில்லைக் கொண்டுதான். வில் போனபின் அதன் பெயர் கவட்டைக் கொம்பில் ஏறிக்கொண்டது. ஏறுவதற்கு வழிசெய்தது ரப்பர். எந்த மரத்தை நடுவதற்காகக் கிள்ளான் பள்ளத்தாக்கின் காடு அழிக்கப்பட்டதோ, அந்த மரத்தின் பாலே பிள்ளைகள் கையிலிருந்த வில்லையும் வாங்கிக்கொண்டது என்பதை நினைக்கும்போது என் மனம் கனக்கிறது.

அக்காட்டின் மக்களை நாங்கள் அறிந்திருந்தோம். ஆனால் மரியாதையோடு அறிந்தோமில்லை. லங்காட் ஆற்று முகத்துவாரத்திலும் கேரித் தீவிலும் வாழ்ந்த அவர்களை, அடிமை என்ற தொனியுள்ள 'சக்காய்' என்னும் பெயரால் நாங்களும் அழைத்தோம். அதற்காக இன்று வெட்கப்படுகிறேன். அவர்கள் மா மெரி என்னும் ஓராங் அஸ்லி மக்கள். பிரம்பும் காட்டுப் பழமும் கொடுத்து உப்பு வாங்க லயத்துக்கு வந்த ஒரு முதியவர், திண்ணையில் சாத்தியிருந்த பாட்டனாரின் வில்லைக் கண்டு, அனுமதி கேட்பதுபோல் ஒருமுறை பார்த்துவிட்டு, அதைக் கையிலெடுத்து நாணை இழுத்தார். விடாமல், மெல்லத் தளர்த்தித் திருப்பித் தந்தார். அடுத்த முறை வந்தபோது தம் ஊதுகுழலைக் கொண்டுவந்து, நாங்கள் அண்ணாந்து பார்க்கும் உயரத்திலிருந்த ஒரு புறாவை இருமல் அளவுகூடச் சத்தமின்றி விழச்செய்தார். இரு கிழவர்களும் அன்று பேசிக்கொண்ட மலாய் பத்துச் சொல்லுக்கு மேலிராது. பாட்டனார் அன்றிரவு வெகுநேரம் உறங்கவில்லை.

அந்தக் குழலின் சிற்றம்பு ஒரு சாண் நீளமே உள்ள மெல்லிய ஈர்க்கு. கொல்வது அதன் கூர்மையன்று, நுனியில் பூசிய விஷம். ஈப்போ மரத்தின் பாலை மூங்கிற் பட்டையில் தடவி நெருப்பில் காட்டி இறுகச் செய்த அந்த விஷம் இரத்தத்தில் கலந்தால் இருதயத்தை நிறுத்திவிடும். காயத்தைச் சுற்றிய தசையை அரிந்தெறிந்துவிட்டு மற்றதைச் சமைத்து உண்பார்கள். பேராக்கின் பெருநகருக்குப் பெயரளித்த மரம் அதுவே. நம் மேற்குத்தொடர்ச்சி மலையிலும் அம்மரம் உண்டு. அங்கே அதன் உட்பட்டையைக் குழாயாக உரித்துத் தையலில்லாச் சாக்காக்கி நெல் கட்டினார்கள். ஒரே மரம், ஒரு கரையில் வேட்டைக்கும் மறு கரையில் நெல்லுக்கும் உதவியிருக்கிறது.

குவாலா லங்காட்டில் உத்தியோகம் பார்த்த ஸ்கீட் என்னும் ஆங்கிலேயர், அக்காலத்தில் பெசிசி எனப்பட்ட இந்த மா மெரி மக்களிடையே பழகி, பிளாக்டன் என்பவரோடு சேர்ந்து 1906இல் வெளியிட்ட இரண்டு பெரிய பாகங்களில், மலாயா வனவாசிகளின் ஆயுதங்களை விஸ்தாரமாக வர்ணித்திருக்கிறார். அந்நூலை நான் நடுவயதில் படித்தபோது என்னைத் திடுக்கிடச் செய்த செய்தி ஒன்றுண்டு: வடபகுதிக் காடுகளில் வாழ்ந்த செமாங் மக்களின் சொந்த ஆயுதம் வில்லே, இரும்பு முனையும் விஷப்பூச்சும் உடைய அம்புகளை மூங்கில் தூணியில் இட்டுத் திரிந்தவர்கள் அவர்கள். ஆயினும், 1924இல் சேபெஸ்டா பாதிரியார் அவர்களை நாடிச் சென்றபோது, ஊதுகுழல் பெரும்பாலும் வில்லின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. உயரக் கிளைகளில் குரங்கும் பறவையும் இருக்க, கீழே பத்தடிக்கு அப்பால் பார்வை எட்டாத அடர்வனத்தில், நீண்ட வில்லைத் தூக்கிச் செல்வதைக்காட்டிலும் ஓசையில்லாத குழலே உகந்தது என்று அவர்களும் கண்டிருக்க வேண்டும். ஆக, இந்த நாட்டின் காட்டுக்கும் ஒரு வில் இருந்தது. அதன் கடைசி நாட்களில்தான் எங்கள் பாட்டனார் கப்பலிலிருந்து இறங்கியிருக்கிறார். மறுதலையாக, ஊதுகுழல் நம் நாட்டுக்கும் புதிதன்று: தென்னிந்திய ஊதுகுழல்களையும் வளரியையும் குறுக்குவில்லையும் பற்றி ஜேம்ஸ் ஹார்னெல் 1924இலேயே ஒரு கட்டுரை வரைந்திருக்கிறார்.

எங்கள் வில்லின் முடிவு 1948இல் வந்தது. அந்த ஜூன் மாதத்தில் அவசரகாலம் பிரகடனமாயிற்று. அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருப்பவனுக்குத் தூக்கு என்று சட்டம் பிறந்தது. லயத்தைச் சுற்றி முள்வேலி எழுந்தது. காட்டோரம் போனவனுக்குப் பட்டாளம், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகள் என்னும் இரு தரப்பிலும் ஆபத்து. வில்லைச் சட்டம் குறித்ததோ இல்லையோ, குறித்தால் என்ன செய்வதென்று என் தாயார் கேட்டார். ஏற்கெனவே கணவனை இழந்த அவருடைய பயத்துக்கு எதிராகப் பாட்டனார் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஒரு மாலையில் பெரிய வில்லும் சிறிய வில்லும் அடுப்புக்குள் போயின. உலர்ந்த மூங்கில் படபடவென்று வெடித்தது. நாணை மட்டும் அவர் முன்னரே அவிழ்த்துத் தம் இடுப்பில் சுற்றிக்கொண்டிருந்தார். சாகும்வரை அதுவே அவருடைய அரைஞாணாக இருந்தது.

நான் பிற்பாடு இரயில்வே உத்தியோகம் கிடைத்துப் பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்புக்கு வந்தேன். 1945 மார்ச் 10ஆம் தேதி, நேசநாட்டு விமானத்தின் குண்டு விழுந்து சிதைந்த பழைய சிலாங்கூர் அருங்காட்சியகம் நின்ற மேட்டில், 1963 ஆகஸ்டு 31ஆம் தேதி தேசிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டபின், ஓய்வு நாட்களில் அங்கே நடந்து போவது வழக்கமாயிற்று. காட்சிக்கு வைத்த ஆயுதங்களில் கண்ணாடிக்கு இப்பாலிருந்து எதையும் தொட்டறிய இயலாது. என்றாலும் ஒவ்வொன்றிலும் நாண் பொருந்தும் இடமும் வாய் வைக்கும் இடமும் எத்தனை கைபட்டுத் தேய்ந்திருக்கின்றன என்றே என் கண் தேடும். இன்று உரிமமின்றிக் காட்டு விலங்கை வேட்டையாடுவது குற்றம். சருகுமானுக்கு ஒதுங்கக் காடு எஞ்சாத நாட்டில் அது நியாயமே. ஓராங் அஸ்லி மக்கள் மட்டும் தம் உணவுக்கெனச் சில விலங்குகளைப் பிடிக்கச் சட்டம் இடந்தருகிறது. அவர்களுடைய காட்டைச் செம்பனையும் வீடமைப்பும் கொண்டுபோன பிறகு வந்த இடம் அது.

எங்கள் அடுக்குமாடி வராந்தாவில் அயலார் ஒருவர் அழகுக்காக வைத்திருக்கும் தொட்டியில், பாம்புச் செடி என்ற பெயரில் மருளின் ஆப்பிரிக்க உறவு ஒன்று நெருங்கி வளர்ந்திருக்கிறது. சென்ற மாதம் அவரிடம் கேட்டு நான்கு இலைகளை வாங்கிவந்து, சிரட்டை விளிம்பால் வழித்து, குழாய் நீரில் அலசி நிழலில் உலர்த்தினேன். பேத்தி எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தொடையின்மேல் உருட்ட முதலில் கை வழங்கவில்லை; இரண்டாம் புரியில் பிடிபட்டது. திரித்து முடித்த நாணின் ஒரு முனையைச் சன்னற் கம்பியில் கட்டி, மறுமுனையை அவள் கையில் கொடுத்து இழுத்துப் பிடிக்கச் சொல்லிச் சுண்டினேன். "இன்னும் கொஞ்சம் இறுக்கணும் தாத்தா" என்றாள். புரியைப் பிரித்தேன்.