எழுபத்திரண்டு வயதில் ஒரு வாய் பீர்



தலைப்பைப் பார்த்து "நம்ம சாரா இப்படி?" என்று பதற வேண்டாம். முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன மாதம் பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தேன். அங்கே பீரைச் சொந்தமாகவே காய்ச்சித் தரும் ஓட்டல்கள் நிறைய. சாப்பிடக் கூட்டிப்போன மாப்பிள்ளை, "மாமா, இதுல துளசி, இஞ்சியெல்லாம் போட்டிருக்காங்க. ஒரு வாய் பாருங்க" என்றார். 'பிரவுன் ஏல்' என்று பெயராம். கருப்பட்டிக் காப்பி நிறம். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடித்தேன். முதலில் வறுத்த தானிய வாசம், பிறகு லேசான கசப்பு, கடைசியில் தொண்டையில் இஞ்சி. பாட்டி வைத்துக் கொடுக்கும் கஷாயம் ஞாபகத்துக்கு வந்தது.

வரலாற்று வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா?

பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி வறுத்தால் மால்ட். அந்த வறுவல்தான் இந்த நிறத்தைத் தருகிறது. கசப்புக்கு 'ஹாப்ஸ்' என்ற கொடியின் பூ. ஹாப்ஸ் பரவும் முன்னால் ஐரோப்பாவில் பச்சிலைக் கலவையைத்தான் போட்டார்கள். அதற்கு 'குரூட்' என்று பெயர். 1516-இல் ஜெர்மனியின் பவேரியாவில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மட்டுமே சேர்க்கலாம் என்று சட்டமே வந்தது. ஆக, மாப்பிள்ளை புதுசு என்று நீட்டியது ரொம்பப் பழசு.

நம்மிடம் இல்லையா? பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையை எடுத்துப் பாருங்கள். அரிசியைக் கூழாகக் காய்ச்சி, அகன்ற தட்டில் ஆறவிட்டு, நெல்முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் வைத்து, விரலால் அலைத்து வடிகட்டும் பக்குவம் அதில் இருக்கிறது. முளைகட்டிய தானியத்தில் செய்தால் அது பீர்தானே! வீட்டில் காய்ச்சும் நெற்கள்ளுக்கு 'தோப்பி' என்று பெயரும் அதிலேயே உண்டு.

நம் கரிசக்காட்டில் நிற்கும் வெள்வேல மரத்துக்கும் இதில் பங்கு உண்டு. அதன் துவர்ப்பான பட்டையைப் போட்டு ஊறவைத்துக் காய்ச்சியதால்தான் 'பட்டைச் சாராயம்' என்று பெயர் வந்தது.

பிறகு சட்டம் வந்தது. 1937-இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-இல் மாகாணம் முழுவதும் வந்தது. நம்ம விருதுநகர் காமராசர் முதல்வராக இருந்த 1954 முதல் 1963 வரை முழுக்க மதுவிலக்குதான். 1971-இல் கடைகள் திறந்தன. 1987 முதல் கள்ளுக்குத் தடை. 2003 முதல் சீமைச் சரக்கை அரசே கடை வைத்து விற்கிறது. பனையிலிருந்து இறக்கியது குற்றம், பாட்டிலில் வந்தது வருமானம். இந்தக் கணக்கு எனக்கு இன்னும் புரியவில்லை.

அதற்காகக் குடிக்கச் சொல்லவில்லை. ஒன்றை இத்தனை வருடமாக யாரிடமும் சொன்னதில்லை, இங்கே சொல்கிறேன். சிவகாசிப் பக்கம் வேலை பார்த்தபோது, நோட்டு கொண்டுவராத ஒரு பையனைத் திங்கட்கிழமைதோறும் அடித்திருக்கிறேன். அப்பா பட்டாசு ஆலையில் வேலை. சனிக்கிழமைக் கூலி வீட்டுக்கு வரும் வழியிலேயே கடையில் கரைந்துவிடும் என்பது வருடக் கடைசியில்தான் எனக்குத் தெரிந்தது. பையன் ஒருநாளும் வாய்திறந்து சொல்லவில்லை.

வகுப்பில் மதுவிலக்கை இரண்டு மதிப்பெண் கேள்வியாக நடத்தினேன். நெல்முளையில் கள் செய்த நம் ஆட்களின் கைப்பக்குவத்தையும் சொல்லவில்லை; அந்தப் பையன் வீட்டுச் சனிக்கிழமை ராத்திரியையும் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் வரலாறு.

மாப்பிள்ளை, "இன்னொரு வாய்?" என்றார். வேண்டாமென்று சொல்லிவிட்டேன். ருசி நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பையன் முகம் வந்துவிட்டது.

தம்பி, நீ இதைப் படித்தால் சாரை மன்னித்துவிடப்பா.