நூறாம் இதழும் இருண்ட திரையும்: 'தி வாக்கிங் டெட்' தழுவலில் க்ளெனின் மரணம்

காமிக்ஸ் தொலைக்காட்சித் தொடராகும்போது அது மூலத்துக்கு எவ்வளவு விசுவாசமாக இருக்கிறது என்பதை, வரைந்த கட்டத்தையும் படமாக்கிய காட்சியையும் அருகருகே வைத்து அளப்பது தழுவல் விமர்சனத்தில் வேரூன்றிய வழக்கம். 'தி வாக்கிங் டெட்' காமிக்ஸின் 100ஆம் இதழில் (ஜூலை 2012) வரும், முதன்மைக் கதைமாந்தருள் ஒருவனான க்ளெனின் கொலை, 2016 அக்டோபர் 23 அன்று ஒளிபரப்பான ஏழாம் பருவத்தின் முதல் அத்தியாயத்தில் ஏறத்தாழ அப்படியே இடம்பெற்றதால், அம்முறைக்குத் தலையாய சான்றாகக் காட்டப்படுகிறது. சார்லி அட்லார்ட் கறுப்பு வெள்ளையில் வரைந்த பிதுங்கிய விழியும் மனைவி மேகியின் பெயரைக் குழறும் வாயும் திரையிலும் உள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அந்த ஒப்புமை தழுவலின் மேற்பரப்பைத் தாண்டிச் செல்வதாகத் தெரியவில்லை.

கவனத்துக்குரியது வரிசை மாற்றம். காமிக்ஸில் க்ளெனின் குழுவைச் சேர்ந்த ஆபிரகாம் 98ஆம் இதழிலேயே எதிரிக் கும்பலைச் சேர்ந்த ட்வைட்டின் அம்பால் இறந்துவிடுகிறான். 100ஆம் இதழில் அக்கும்பலின் தலைவன் நீகன் பலிகொள்வது க்ளென் ஒருவனை மட்டுமே. தொடரோ அந்த அம்பை மருத்துவர் டெனிஸ் மீது திருப்பி, ஆபிரகாமை உயிரோடு காத்து, நீகனின் முதல் பலியாக்குகிறது. காமிக்ஸைப் படித்தவர், கணக்கு ஓர் உயிரோடு முடிந்தது, க்ளென் தப்பினான் என்று எண்ணியிருக்கும் வேளையில், குழுவின் இன்னொருவனான டேரில் நீகனைத் தாக்க, அதற்குத் தண்டனையாக இரண்டாவது அடி க்ளென் மீது விழுகிறது. முடிவை முன்பே அறிந்த வாசகரை, 2012இல் அவ்விதழை முதன்முறை புரட்டியபோது இருந்த அறியாமைக்கே திரும்ப அழைத்துச் சென்றது, மூலத்திலிருந்து செய்த இந்த விலகல்தான். மூலத்தைப் படிக்காதோரிடம் இது வேறுவிதமாகச் செயல்பட்டிருக்கலாம். இங்குள்ள வாதம் படித்தோரைப் பற்றியது மட்டுமே. மூல ஆசிரியர் ராபர்ட் கிர்க்மன் தொடரின் நிர்வாகத் தயாரிப்பாளர்களுள் ஒருவர் என்பதால் எல்லா மாற்றமும் விசுவாசமானதே என்ற வாதத்துக்கு நீண்ட மறுப்பு தேவையில்லை: ஒப்புதல் வேறு, வாசிப்பு வேறு.

தொடர் உண்மையில் தவறியது வேறிடத்தில். 2016 ஏப்ரல் 3 அன்று ஒளிபரப்பான ஆறாம் பருவத்தின் இறுதி அத்தியாயத்தில், கேமரா அடிபடுபவரின் கண்ணாகவே மாறி, நீகனின் மட்டை இறங்கியதும் திரை இருண்டுவிட, அடிபட்டவர் யார் என்பது ஆறு மாதங்களுக்கும் மேலாக மறைக்கப்பட்டது. காமிக்ஸிலோ நீகனின் தேர்வும் அடியும் ஒரே இதழுக்குள் அடங்குகின்றன. பக்கத்தைப் புரட்டும் வேகம் வாசகரின் கையில் இருப்பதால், கொடுமையைப் பார்ப்பதில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. அப்பங்கைத் தொடர் பறித்து, துயரத்தைப் புதிராக்கிவிட்டது. ஒப்பிடக் கட்டமே இல்லாததால், கட்டங்களை ஒப்பிடும் முறைக்கு இக்குறை கண்ணில் படுவதே இல்லை.

வாசகரின் அனுபவம் என்ற இதே அளவுகோல் எல்லா விலகலுக்கும் நற்சான்று தருவதில்லை. 2018இல் தொடர் நாயகனின் மகன் கார்லைச் சாகவிட்டதும் எவரும் எதிர்பாராததே. ஆனால் 2019இல் 193ஆம் இதழோடு முடிந்த காமிக்ஸ், வளர்ந்து தந்தையாகிவிட்ட கார்லின் வழியாகவே தன் முடிவைச் சொல்கிறது. அம்முடிவைத் தொடர் இழந்ததை அந்த அதிர்ச்சி ஈடுசெய்யவில்லை.