பிளஸ் 1 ‘கம்ப்யூட்டர் குரூப்’: ஒரே பெயர், மூன்று பாடம்... கடலூர், சிதம்பரம் பெற்றோர் கவனத்துக்கு!

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் கடலூர், சிதம்பரம் பள்ளிகளில் அதிகம் கேட்கிற கேள்வி, “கம்ப்யூட்டர் குரூப் கிடைக்குமா?” என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, “எந்த கம்ப்யூட்டர்?”

மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி என்ற பெயரில் மூன்று பாடங்கள் இருக்கு. கணக்கு, இயற்பியல், வேதியியலோடு வருவது கணினி அறிவியல். பிளஸ் 1-ல் சி பிளஸ் பிளஸ், பிளஸ் 2-வில் பைத்தான். காமர்ஸ் மாணவர்களுக்கு கணினிப் பயன்பாடுகள். வெப்சைட் உருவாக்கும் ஹெச்டிஎம்எல், பிஹெச்பி எல்லாம் இதில்தான். தொழிற்கல்விப் பிரிவுக்கு கணினித் தொழில்நுட்பம்.

சரி, பத்தாம் வகுப்பு வரை? தனிப் பாடமே கிடையாது. அறிவியல் புத்தகத்தின் கடைசியில் ஒரு அத்தியாயம், அவ்வளவுதான். பத்தாம் வகுப்பில் ஸ்கிராட்ச் வருது. கட்டங்களை இழுத்துப் போட்டு பூனையை நகர்த்தின பிள்ளை, சில மாதத்திலேயே சி பிளஸ் பிளஸ்ஸில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனதற்கு திரை முழுக்க பிழைச் செய்தி பார்க்குது. தமிழ் வழி மாணவருக்கு இன்னொரு சிக்கல்: விளக்கம் தமிழில், டைப் செய்யும் கட்டளை ஆங்கிலத்தில். பலர் புரோகிராமை மனப்பாடம் செய்வது இதனால்தான். சோம்பேறித்தனம்னு சொல்லிவிட முடியாது.

மதிப்பெண் கணக்கையும் பார்த்துடலாம். எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. ஆனா இன்ஜினியரிங் கட்-ஆஃப்பில் கணக்கு, இயற்பியல், வேதியியல் மட்டுமே சேரும். கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங் கேட்பவருக்கும் இதே கணக்குதான்! கடலூர் தேவனாம்பட்டினம் பெரியார் கலைக் கல்லூரி போன்ற அரசு கலைக் கல்லூரிகளில் நிலைமை வேறு. அங்கே நான்கு முக்கியப் பாடங்களின் மதிப்பெண்ணும் தரவரிசைக்கு வரும்.

ஆசிரியர் விஷயமும் முக்கியம். 2019-ல் ஆசிரியர் தேர்வு வாரியம் 814 கணினி பயிற்றுநர் இடங்களுக்குத் தேர்வு நடத்தியது. அதனால் எல்லாப் பள்ளியிலும் ஆள் இருப்பார் என்று நினைத்துவிட வேண்டாம்.

சேர்க்கைக்குப் போகும்போது லேபை ஒருமுறை எட்டிப் பாருங்க. வாரத்துக்கு எத்தனை பீரியட் செய்முறை, ஒரு கம்ப்யூட்டருக்கு எத்தனை பேர், பாடம் எடுக்க நிரந்தர ஆசிரியர் இருக்காரா? இந்த மூன்றையும் தலைமை ஆசிரியரிடமே கேட்கலாம்.