கண்ணில் தெரிந்த செம்பு வளையம்

செப்புக் குடத்தில் தண்ணீர் வைத்துக் குடிப்பது மறுபடியும் வழக்கத்துக்கு வந்துவிட்டது. போன வாரம் காலை நடையின்போது நண்பர் ஒருவர், "செம்பு அதிகமானால் மூளை கெட்டு நடுக்கம் வருமாமே, நிஜமா சார்?" என்று கேட்டார். எனக்கு 1986 ஞாபகம் வந்தது.

அப்போது என்னோடு வேலை பார்த்தவரின் மகனுக்குப் பதினைந்து வயது. முத்து முத்தாக எழுதுவான். ஆறே மாதத்தில் எழுத்து கோணிப்போனது. பேச்சு குழறியது, வாயோரம் எச்சில் வழிந்தது, டம்ளரைப் பிடித்தால் கை உதறியது. பள்ளியில் திமிர் என்றார்கள். ஒரு டாக்டர் மனக்கோளாறு என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். கடைசியில் ஒரு கண் டாக்டர்தான் கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையத்தைக் கண்டுபிடித்து, "இது வில்சன் நோயாக இருக்கலாம்" என்றார். அந்த வளையம் செம்புப் படிவு. அன்று முதல் இந்த நோயைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன்.

கைசர், பிளைஷர் என்ற இரண்டு ஜெர்மன் கண் மருத்துவர்கள் 1902, 1903ஆம் ஆண்டுகளிலேயே அந்த வளையத்தைப் பற்றி எழுதிவிட்டார்கள். ஆனால் அது செம்பு என்று அப்போது தெரியவில்லை. 1912இல் லண்டன் குவீன் ஸ்கொயர் நரம்பியல் மருத்துவமனையைச் சேர்ந்த கின்னியர் வில்சன் இருநூறு பக்கத்துக்கு மேல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அப்போது அவருக்கு 33 வயது. நடுங்கி, விறைத்து இறந்துபோன இளைஞர்களின் மூளையில் அடிப்பகுதி ஒன்று சிதைந்திருந்தது, கூடவே கல்லீரலும் சுருங்கித் தழும்பேறியிருந்தது. கல்லீரலோடு தொடர்புடைய ஏதோ நஞ்சுதான் மூளையைத் தாக்குகிறது என்று அவர் ஊகித்தார். ஊகம் சரி. நஞ்சின் பெயர்தான் தெரியவில்லை.

அதே மருத்துவமனையில் கமிங்ஸ் என்பவர் 1948இல் இந்த நோயாளிகளின் கல்லீரலிலும் மூளையிலும் செம்பு மிதமிஞ்சி இருப்பதை அளந்து காட்டினார். நாம் சாப்பிடும் உணவிலேயே செம்பு உண்டு, உடம்புக்கு அது கொஞ்சம் வேண்டும். மிச்சத்தைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியேற்றிவிடும். இந்தப் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே அந்த வாசல் அடைப்பு. காரணமான மரபணு 1993இல்தான் அகப்பட்டது.

மூளைக்குப் போன செம்பு என்ன செய்கிறது? நம் பாட்டிமார் ஈயம் பூசாத செப்புப் பாத்திரத்தில் புளி ஊற்ற விடமாட்டார்கள், களிம்பு ஏறும் என்பார்கள். செம்பின் வினைபுரியும் குணத்தை அவர்கள் அறிவார்கள். அந்தக் குணம்தான் செல்லுக்குள்ளும் தீங்கு செய்கிறது, செல்லை அரிக்கும் மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. டோபமைன் இயல்பாகவே சுலபமாக ஆக்சிஜனோடு சேர்ந்து கெடக்கூடிய பொருள். செம்பு அதை விரைவுபடுத்துவதால், டோபமைன் சுரக்கும் செல்கள் இரட்டை அடி வாங்கக்கூடும் என்கிறார்கள். பார்க்கின்சன் நோயாளியின் மூளையில் டோபமைன் வற்றிப்போயிருப்பதை வியன்னாவில் ஹார்னிகீவிச் 1960இல் காட்டினார். ஆனால் அவர்கள் மூளையில் அந்தச் செல்கள் இருக்கும் இடத்தில் செம்பு கூடவில்லை, குறைந்தே காணப்படுகிறது. ஆகவே செம்புதான் பார்க்கின்சனுக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. நண்பரிடமும் இதைத்தான் சொன்னேன்: கல்லீரல் ஒழுங்காக இருந்தால் குடத்துத் தண்ணீருக்குப் பயப்பட வேண்டாம், புளிப்பை மட்டும் அதில் வைக்காதீர்கள்.

முதலில் வந்த மருந்து, போரில் ஆர்சனிக் விஷவாயுவுக்கு மாற்றாகச் செய்த எண்ணெய் ஊசி. உயிர் போகிற வலி. 1955இல் பாஸ்டனில் ஜான் வால்ஷ் என்ற ஆங்கிலேய டாக்டர், பெனிசிலின் சிதைந்து உண்டாகும் பெனிசிலமைன் செம்பைப் பிடித்துச் சிறுநீரில் தள்ளும் என்று கணக்குப் போட்டார். முதல் வேளை மருந்தைத் தானே விழுங்கிப் பார்த்துவிட்டுத்தான் நோயாளிக்குக் கொடுத்தார். மனிதர் நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தார்!

எங்கள் பையனுக்கும் அதே மாத்திரைதான், வெறும் வயிற்றில். முதல் மாதம் நடுக்கம் கூடியது. அவன் அம்மா மாத்திரையை நிறுத்தச் சொல்லி அழுதார். இந்த மருந்தில் அப்படி ஆவதுண்டு என்று டாக்டர் பொறுக்கச் சொன்னார். ஒன்றரை வருஷத்தில் கையெழுத்துப் போடும் அளவுக்குத் தேறினான், பழைய எழுத்து வரவேயில்லை.

உடன்பிறந்தவர்களில் நாலில் ஒருவருக்கு வர வாய்ப்பு உண்டு என்று அவன் தங்கையையும் சோதித்தார்கள். பத்து வயது, பாண்டி ஆடிக்கொண்டிருந்த பெண். அவளுக்கும் இருந்தது. அன்றே மாத்திரை ஆரம்பித்தார்கள். அவள் கை இன்றுவரை நடுங்கியதில்லை.