பொறுமை இல்லாதவருக்கு சமர்ப்பணம்

பெர்னாந்தோ சோர் 1778இல் பார்சலோனாவில் பிறந்தவர். நெப்போலியனின் அண்ணன் ஜோசப் ஸ்பெயினை ஆண்டபோது அவரிடம் அரசுப் பதவி ஏற்றார். 1813இல் பிரெஞ்சுப் படை பின்வாங்கியது. கூடவே இவரும் ஊரை விட்டுக் கிளம்பினார். பிறகு திரும்பவே இல்லை. நமக்காவது உத்தியோகம் முடிந்தால் பென்ஷன் உண்டு. அவருக்கு மிஞ்சியது கிட்டார்தான்.

பாரீஸ், லண்டன், மாஸ்கோ என்று சுற்றினார். 1825இல் மாஸ்கோவின் பல்ஷோய் அரங்கு திறந்தபோது ஆடியது இவர் இசையமைத்த 'சான்ட்ரியோன்' பாலே. அப்பேர்ப்பட்டவர் பாரீசுக்குத் திரும்பி, தனிப் பாடம் சொல்லிக்கொடுத்தும் மாணவர்களுக்கான சின்னச் சின்ன உருப்படிகளை அச்சிட்டும் காலம் தள்ளினார்.

அந்த உருப்படிகளின் பெயர்களைப் பிரெஞ்சில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு தொகுப்புக்கு 'வுவாயோன் சி சே சா', அதாவது 'இதுவா என்று பார்ப்போம்'. யாருக்குப் பொறுமை எல்லாரையும்விடக் குறைவோ அவருக்கே சமர்ப்பணம் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறார்! அடுத்தது 'இது சரிதானா?'. மூன்றாவது 'அ லா போன் எர்': 'அப்பாடா, அப்படி வா வழிக்கு' என்போமே, அதுதான். பிரெஞ்சு வாத்தியார்களிடம் படித்த என் வயதுக்காரர்களுக்கு இந்தத் தொனி பழக்கமானதே.

ஆனால் கேலியோடு நிற்கவில்லை அவர். 1830இல் வெளியிட்ட பயிற்சி நூலில் கை வைக்கும் விதம் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்கிறார். பிற்பாடு, புதிதாகத் தொடங்குபவர்களுக்கென்றே 25 பாடங்கள் எழுதினார். 1839இல் பாரீசிலேயே காலமானார். அந்தப் பாடங்களை இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.